மல்லாந்த சிரட்டை

கொல்லயில் என்ற ஊரில், லேகாவின் அடுக்களைக்குப் பின்னால், சிரட்டைக் குவியலில் குடியிருந்தாள் அம்மிணி. நடுவிரல் உயரம்தான். ஆனாலும் ஒரு தேங்காய்ச் சிரட்டையை ஒற்றைக் கையால் புரட்டிவிடுவாள். அவள் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான். பெயரைக்கூட வீட்டுக்காரர்கள் யாரையாவது கூப்பிடுவதைக் கேட்டுத்தான் வைத்துக்கொள்வார்கள். அவள் மகளுக்கு ஷீனா என்று பெயர்.

அவர்கள் உண்டான கதை இது. ஏதோ ஒரு கோயில் காவில் உடைத்த தேங்காயின் இரண்டு முறிகளில் ஒரு அக்காளும் தங்கையும் பிறந்தார்கள். அக்காளின் முறி மல்லாந்து விழுந்தது, தங்கையின் முறி கவிழ்ந்து விழுந்தது. அன்றைக்கென்று இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. அக்காள் முங்கிப்போனாள். மிஞ்சிய தங்கையின் வம்சம்தான் இத்தனை பேரும். மாப்பிள்ளை எங்கிருந்து வந்தான் என்று கேட்டுவிடாதீர்கள், அவர்களுக்குக் கோபம் வரும். அன்றுமுதல் மல்லாந்த சிரட்டையைக் கண்டால் இவர்களுக்குக் கை சும்மா இருக்காது. கவிழ்த்துப் போட்டால்தான் மூச்சு வரும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

இன்னொரு சட்டமும் உண்டு. ஆபத்து வந்தால் பிள்ளையைச் சிரட்டைக்கு அடியில் வைத்துவிட்டுப் பெரியவர்கள் ஒளிந்துகொள்வார்கள். பிள்ளை உள்பக்கத்தை நகத்தால் பற்றிக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். வெளியே மூன்று தட்டு கேட்டால் மட்டும் வரலாம். யார் கூப்பிட்டாலும் வரக்கூடாது, பூனைகூடப் பிள்ளைக் குரலில் அழும்.

அன்று காலடிச் சத்தம் கேட்டதும் அம்மிணி அதைத்தான் செய்தாள். “தட்டாம வராதே மக்கா, கேட்டியா?” என்று சொல்லி, மகள்மேல் சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு வாழையடிக்கு ஓடினாள். வந்தவன் சிபி, சிரட்டை வாங்குகிறவன். சூளையில் கரியாக்க இப்போது சிரட்டைக்கு அத்தனை கிராக்கி.

“இதெல்லாம் ஆரு சேச்சி கமத்தி வச்சது?” என்றான் சிபி.

“ஆருக்குத் தெரியும்? நான் எப்பிடிப் போட்டாலும் காலத்த எந்திரிச்சுப் பாத்தா கமந்து கெடக்கும். கொசு வராதுல்லா, நல்லதாக்கும்” என்றாள் லேகா.

சிபி இரண்டு கையாலும் அள்ளிச் சாக்கில் போட்டான். முதல் அள்ளலிலேயே ஷீனாவும் போய்விட்டாள். அம்மிணி வாழையடியிலிருந்து ஓடிவந்தாள். சிபியின் பெட்டி ஆட்டோ கிளம்புவதற்குள் சாக்கின் நூலைப் பிடித்து ஏறி, ஒரு கிழிசல் வழியாக உள்ளே விழுந்தாள்.

உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாகச் சிரட்டைகள். கைக்கு எட்டியதையெல்லாம் தட்டினாள். ஆனால் பெருங்கடவிளை ரோட்டின் குழிகளில் வண்டி குதிக்கக் குதிக்க, சாக்கு முழுக்க டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. இதில் தன் தட்டு எது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? “மக்கா, ஷீனா!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். பதில் இல்லை. நன்றாகத்தான் வளர்த்திருந்தாள். அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது.

காட்டாக்கடைப் பக்கத்துச் சூளை முற்றத்தில் சிபி சாக்கைக் கொட்டினான். ஏற்கெனவே கிடந்த மலையோடு மலையாகச் சிரட்டைகள் சரிந்தன. பாதிக்குமேல் மல்லாந்து கிடந்தன. ஒருவன் கூடை கூடையாக வாரிக் கொண்டுபோய்ப் புகைகிற குழியில் கொட்டினான்.

அம்மிணியின் கை தானாகவே பக்கத்துச் சிரட்டைக்குப் போனது. போன கையைச் சட்டென்று இழுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். நான் கவிழ்க்கத் தொடங்கினால் அந்திவரை கவிழ்த்துக்கொண்டேதான் இருப்பேன். நான் சும்மா இருந்தால், இங்கே கவிழ்க்கிற கை ஷீனாவின் கை மட்டும்தானே என்று தோன்றியது. மல்லாந்த சிரட்டைகளைப் பார்த்தபடி நின்றாள். அவள் குலத்தில் அப்படி நின்றவர்கள் யாரும் இல்லை.

கூடைக்காரன் மறுபடியும் குனிந்தான். அவன் காலுக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டை ஆடியது. எழும்பியது. கவிழ்ந்தது. அடுத்ததும் ஆடத் தொடங்கியது.

அம்மிணி பாய்ந்து மகளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “தட்டாம எதுக்குட்டி வந்தே?”

“எல்லாம் மலந்து கெடக்குல்லா அம்மா!”

மழை தூறத் தொடங்கியது. ஷீனா திமிறித் திமிறித் திரும்பிப் பார்த்தாள். அம்மிணி ஒரு கையால் அவளை இறுக்கி, மறு கையால் அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு வேலியைப் பார்த்து ஓடினாள். தன் கண்ணைப் பொத்த அவளுக்கு மூன்றாவது கை இல்லை.