தண்ணீர் மேல் போட்ட பழி

லூர்துசாமி வீட்டு ஆஸ்கார் மீனுக்கு ரொட்டித் துண்டு போட மாட்டார்கள், கண்டவர் கையால் எதையும் போட விடமாட்டார்கள். காலையில் பெல்லட் தீனி, மாலையில் ஓடு உரிக்காத இறால், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நாலு வெட்டுக்கிளி. உயிர்மீனைத் தின்னக் கொடுப்பது நோயை விலை கொடுத்து வாங்குவது என்பார். ஈப்போ நகரக் கடையில் கட்டைவிரல் அளவில் வாங்கிய அந்தத் தென்னமெரிக்க மீன், ஐந்து வருடத்தில் பதின்மூன்று அங்குலம் வளர்ந்திருந்தது. கரிய உடம்பில் தணல் போலச் சிவப்பு. ராஜா என்று பெயர். ஆண் என்பதில் அவருக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. அது நிற்கிற நிமிர்வைப் பார்த்தால் தெரியாதா?

ராஜாவுக்குப் பெண் அமைந்தது ஈப்போவுக்கு வெளியே, செம்மோர் பக்கத்தில். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்ட தோட்டம் அது. லூர்துசாமியின் அப்பா அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அவருக்குக் கீழே ரப்பர் பால் வெட்டியவரின் மகன் பழனியப்பன் இன்னும் தொழிலாளர்களின் பழைய லயத்து வீட்டிலேயே இருந்தார். வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டிகள் கட்டி, பெரிய ஜாதி மீன்களை வளர்த்துக் குஞ்சு விற்றார். அவரிடம் முட்டை போட்டுப் பழகிய பெட்டை ஒன்று இருந்தது. தொட்டி பெரிது என்பதால் மாப்பிள்ளையை லூர்துசாமி அங்கே அனுப்பிவைத்தார்.

இரண்டு வாரத்தில் முட்டை விழுந்தது. பழனியப்பன் வாட்ஸாப்பில் அனுப்பிய படத்தில் கல் முழுக்க முட்டை. மறுநாளே வெளுக்க ஆரம்பித்து, மூன்றாம் நாள் பஞ்சு போலப் பூஞ்சை பிடித்துப் போயிற்று. அடுத்த மாதமும் அப்படியே.

அந்த ஞாயிறு புந்தோங் கோப்பிக் கடையில் ஏழெட்டுப் பேர் இருந்த மேசையில் லூர்துசாமி சொன்னார்: "என் மீனுல ஒரு கொறையும் இல்ல. பழனி தண்ணிதான் சரியில்ல. தோட்டத்துக் கெணறு, வேற எப்படி இருக்கும்?"

"தண்ணி விசயத்துல பழனியண்ணே எப்பவுமே வீக்குலா," என்றான் டாக்சி ஓட்டும் ரூபன். மேசை சிரித்தது. பழனியப்பன் குடியை நிறுத்திப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. கோப்பியைக் கலக்கிக்கொண்டே, "இருக்கலாம்யா," என்றார்.

அதற்குப் பிறகு அவரிடம் குஞ்சு வாங்க வந்தவர்கள் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்டார்கள். சிலர் வரவே இல்லை. அது லூர்துசாமியின் காதுக்கும் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று இருந்துவிட்டார். தன் பேச்சை நிரூபிக்க இரண்டு மீன்களையும் தன் வீட்டு ஆறடித் தொட்டிக்கே கொண்டுவந்தார்.

புதன்கிழமை மத்தியானம் இரண்டும் பலகைக்கல்லை வாயால் துடைத்தன. லூர்துசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டை ஒரு வரிசை முட்டை வைத்து நகர்ந்தது. அடுத்து ராஜா கல்லின் மேல் இறங்கியது. முட்டை போடும் சமயத்தில் ஆணுக்கு வயிற்றுக்கு அடியில் இறங்கும் குழல் ஊசி போல இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ராஜாவின் குழல் தடித்து மழுங்கியிருந்தது. அது கல்லை ஒட்டி நகர்ந்தபோது பின்னால் ஒரு வரிசை முட்டை ஒட்டிக்கொண்டு வந்தது.

பின்னால் நின்றிருந்த மனைவி கெர்ட்ரூட் சொன்னாள்: "ஒங்க ராஜா முட்டையில்ல போடுது."

"எனக்குக் கண்ணு இருக்கு," என்றார்.

சாயங்காலம் மகன் கால்வின் விசயத்தைக் கேட்டதும் தோளைக் குலுக்கினான். "கடையில ஒரு ஆண் மீன் வாங்கி மாத்தி வச்சிரலாம்பா. ஆஸ்கார் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். குஞ்சு பொரிச்சா, நம்ம தண்ணி நல்ல தண்ணின்னு ஆயிரும். யாருக்குத் தெரியப்போவுது?"

லூர்துசாமி யோசித்துப் பார்த்தார். அவன் சொன்னபடி செய்தால் தன் வார்த்தை நிற்கும், பழனியப்பன் மேல் விழுந்த பழியும் அப்படியே நிற்கும். இரண்டு நாளில் முட்டை வெளுத்தது. தொட்டி கழுவுவதை எப்போதும் கால்வினிடம் விடுபவர், அன்று தானே கல்லை எடுத்துத் தேய்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அதே மேசை. லூர்துசாமி உட்காரவில்லை.

"போன மாசம் இங்க ஒன்னு சொன்னேன். அது தப்பு. பழனி தண்ணியில ஒரு கொறையும் இல்ல. என் மீன் பொட்ட. ரெண்டு பொட்டையும் சேந்து முட்ட போட்டிருக்கு. எந்தத் தண்ணியில வச்சாலும் பொரிக்காது."

ரூபன், "அப்ப ராணின்னு பேர மாத்திரலாம்லா," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அவர் விறைப்பாகவே நின்றார்.

பழனியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "மொத தடவையே தெரியும்யா," என்றார். "மூவாயிரத்துக்கு மேல முட்ட. ஒரு மீனு அவ்வளவு போடாது."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீங்க தண்ணின்னு சொல்லிட்டீங்க. ஒங்க வீட்டு வார்த்தைய எதுத்து எங்க வீட்டுல யாரும் பேசுனதில்ல."

லூர்துசாமி உட்கார்ந்தார். நின்றுகொண்டு கேட்கக்கூடிய பதில் அல்ல அது. கோப்பி வந்தது, ஆறியது.

"எங்கிட்ட ஆணு ஒன்னு இருக்கு," என்றார் பழனியப்பன். "எட்டு இஞ்சுதான். ஒரு கண்ணு வேற இல்ல. ஆனா ஆணு, அதுல சந்தேகமில்ல."

ராஜாவுக்கு ஒற்றைக் கண் மாப்பிள்ளை. லூர்துசாமி கோப்பியை ஒரே மூச்சில் குடித்து வைத்தார்.

"சாயந்தரம் ரெண்டையும் கொண்டாறேன்," என்றார். "என் மீனு இனிமே ஒன் தொட்டியிலயே இருக்கட்டும். மொதல்ல கண்ணுல படுற தொட்டியில வை. குஞ்சு வாங்க வர்றவங்க, யார் வீட்டு மீனுன்னு கேட்டா சொல்லு."

மாலையில் மீன்களைப் பிடித்து விட்டிருந்த பீப்பாயைத் தூக்கக் கால்வின் வந்தான். அவர் ஒரு பக்கத்திலிருந்து அவன் கையை விலக்கிவிட்டு, அந்தப் பக்கத்தைத் தானே பிடித்தார்.