மூன்று விசில்

என் கணவர் ஆஸ்பத்திரி வாட்ச்மேன். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கேட். கூட வேலை பார்க்கும் ஏழு வாட்ச்மேன்களோடு மலைக்குச் சுற்றுலா போன இடத்தில் நாங்கள் இருவர் மட்டும் தொலைந்துபோனோம். குறுக்கு வழி தெரியும் என்றார், நம்பினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் நம்பினது என் தப்புதான்.

ஒரு பள்ளத்தில் கால் பிசகி, என் கணுக்கால் பந்து மாதிரி வீங்கிவிட்டது. மூடுபனி இறங்கியது. போனில் சிக்னல் இல்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் இருட்டிவிடும். அந்தக் குளிரில் விடியும்வரை தாங்குவேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

அவர் வழி தேடிக் கிளம்பப் பார்த்தார். தொலைந்தவர்கள் இருந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது, மூன்று மூன்றாக விசில் ஊத வேண்டும் என்று எங்கள் மகளுடைய பாடப் புத்தகத்தில் இருந்ததைச் சொல்லி உட்காரவைத்தேன். என் சிவப்புத் துப்பட்டாவைக் கிளையில் கட்டச் சொன்னேன். விசிலுக்குப் பஞ்சமில்லை, கல்யாண வீட்டுக்கே சட்டைப்பையில் விசிலோடு போகிற மனிதர்.

ஊதினார். கீழேயிருந்து மூன்று விசில் பதிலுக்கு வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊதினார், ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. ஆள்தான் வரவில்லை. அவர் முழி சரியில்லை என்று பட்டது. குடைந்து கேட்டேன்.

"எங்க டியூட்டியில மூணு விசில்னா, இங்க எல்லாம் சரியா இருக்கு, யாரும் வர வேண்டாம்னு அர்த்தம்."

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீதான் பாடத்துல இருக்குன்னு சொன்னியே."

உதவிக்கு ஒரே விசில், மூச்சு இருக்கும்வரை நீளமாக ஊத வேண்டுமாம். ஆனால் ஊதாமல் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். உதவி கேட்கிற அந்த நீள விசிலை இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட ஊதியதில்லை. அடுத்த மாதம் ஓய்வு, ஊதாமலே போய்விடலாம் என்று இருந்தாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்ட வாயைத் திறந்தேன், குளிரில் பல் கிட்டிக்கொண்டு வார்த்தை வரவில்லை. அவர் என்னையே பார்த்தார். சட்டையைக் கழற்றி என்மேல் போர்த்தினார். பிறகு கழுத்து நரம்பு புடைக்க ஊதினார்.

பத்தே நிமிஷத்தில் ஏழு பேரும் முள்ளில் கிழித்துக்கொண்டு ஓடி வந்தார்கள், ஒருவர் செருப்புகூட இல்லாமல். என் காலை யாரும் பார்க்கவில்லை. இவருடைய தலையையும் கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். சுளுக்கு எனக்குத்தான் என்று தெரிந்ததும் செருப்பில்லாதவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணனே உதவிக்கு ஊதுறாருன்னா, உயிரோட பாப்போமான்னே தெரியல அண்ணி" என்றார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கால் வலி என்று சொல்லிவைத்தேன்.