மாத்திரை போடாத வலி

என் மனைவிக்குப் பிடிவாதம் ஜாஸ்தி என்று கல்யாணமான நாளிலிருந்து ஊரெல்லாம் சொல்லி வருகிறேன். அது எவ்வளவு ஜாஸ்தி என்று எனக்கே தெரிந்தது போன மாதம்தான்.

அவள் தம்பிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருக்கிறான். பொருந்தி வந்தது இவளுடையது மட்டும்தான். ஆனால் டாக்டரம்மா இவளை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "எட்டு கிலோ குறைச்சுட்டு வாங்க. இந்த உடம்போட கத்தி வைக்க மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். தையல் மெஷின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்தே வளர்ந்த உடம்பு.

அன்று மாலையே ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண், நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்து எழச் சொல்லியிருந்தார், பத்து தடவை. இவள் நாற்பதில்தான் நின்றாள். அகலக்கால் வைக்காதே என்றேன். உங்கள் வேலையைப் பாருங்கள் என்றாள்.

மறுநாள் விடிந்ததும் இஞ்ச் டேப்பை எடுத்துத் தொடையை அளந்தாள். தையல்காரிக்கு டேப் சொல்வதுதான் வேதவாக்கு. கால் இஞ்ச் கூடியிருந்தது.

"ஏங்க, குறையும்னு பாத்தா ஏறியிருக்கே!"

முகம் வெளிறிவிட்டது. செய்தது போதவில்லை என்று தானே தீர்ப்பு எழுதி, அன்று இன்னும் இருபது சேர்த்துச் செய்தாள். சொல்புத்தியும் கிடையாது, சுயபுத்தியும் கிடையாது என்று நான் கத்தியது காதில் ஏறவில்லை.

அதற்கடுத்த நாள் கட்டிலைவிட்டு எழவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. மெஷின் பெடலில் கால் வைத்தவள் "அம்மா!" என்று எடுத்துவிட்டாள். வெட்டிய யூனிஃபார்ம் துணிகள் அப்படியே கிடந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. மருந்துக்கடைக்கு ஓடி வலி மாத்திரை வாங்கிவந்து நீட்டினேன்.

"வேணாம்."

"ஒண்ணே ஒண்ணு. ஒண்ணும் ஆகாது."

"வலி மாத்திரை கிட்னிக்கு ஆகாது, தொடவே கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

"உன் கிட்னி நல்லாத்தானே இருக்கு?"

"அதுல ஒண்ணு என்னுது இல்லீங்க, அவனுது. அடுத்தவங்க பொருளப் பத்திரமா வச்சிருக்க வேண்டாமா?"

மாத்திரையைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டு, பயிற்சிப் பெண்ணுக்கு போன் போட்டேன். டேப் விஷயத்தைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது கொழுப்பு இல்ல சார். புதுசா வேலை வாங்கினா சதை வலிக்கும், லேசா வீங்கும். ரெண்டு மூணு நாள்ல வடிஞ்சிடும். படுத்தே கிடக்க விடாதீங்க, மெதுவா நடக்கச் சொல்லுங்க. வலி அடங்கினதும் பத்துலேருந்து ஆரம்பிக்கட்டும். சிறுநீர் கறுப்பாப் போச்சுன்னா மட்டும் உடனே கூட்டிட்டு வாங்க."

அன்று மாலை நடக்கக் கிளம்பினோம். வீடு மூன்றாம் மாடி. நான் ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவன். என் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. படியில் நேராக இறங்கக் காலை மடக்கினால் தொடை உயிரை எடுக்கிறது என்று, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல்.

கீழிருந்து தம்பி மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தான். அக்காவின் கோலத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றுவிட்டான்.

"மாமா, என்ன ஆச்சு இவளுக்கு?"

நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் கண் கலங்கிவிட்டது. "எனக்கு வேணாம்க்கா. என் தலையெழுத்து என்னோட போகட்டும். உன்னையும் சேத்துப் படுக்க வைக்கணுமா? நாளைக்கே டாக்டர்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்."

சொன்னால் செய்கிற பயல். இவளுக்குத் தம்பியல்லவா!

இவள் கைப்பிடியை விட்டாள். அவன் பக்கம் திரும்பினாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, நேராகப் பார்த்தபடி, அவன் நின்ற படிவரைக்கும் கடகடவென்று இறங்கினாள். ஒரு முனகல் இல்லை. அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்ததைப் பின்னாலிருந்து நான் பார்த்தேன்.

"பாத்தியா? எங்கடா வலி? உங்க மாமா பேச்சக் கேட்டுட்டு."

அப்படி ஒரு பொய்யை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. அந்தப் படியிலேயே அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் தோளில் கைபோட்டு, தாங்குவது தெரியாமல் தாங்கிக்கொண்டான்.

"சரி, நட. நானும் வரேன். மெதுவாப் போலாம்க்கா, எனக்கு மூச்சு வாங்குது."