எக்ஸ்ட்ரா-ஆர்ச் வைத்தது யார்?

"பொய் சொல்லாதே ஸ்ரீதர்! அந்தப் பேரை நான் சொன்னேன். பால்கனியில துணி உலர்த்திண்டே சொன்னேன்!"

"அச்சா, சொன்னே. அதுக்கு இப்படிக் கத்தணுமா? எதிர் ஃப்ளாட் மாமி கதவைத் திறந்துண்டு நிக்கறா பாரு."

நின்றேன்தான். டில்லி கரோல் பாக்கில் எங்கள் மாடியில் கதவைச் சாத்தி வைத்தால்தான் சந்தேகப்படுவார்கள்.

மேதா, எதிர் ஃப்ளாட் சுப்புவின் பெண். ஸ்ரீதர் மேல்மாடிக் குடித்தனக்காரன். தை மாதம் அவளுக்குத் தாலி கட்டப்போகிறவன். இருவரும் லினக்ஸ் என்கிற இலவச சாஃப்ட்வேரில் ஒரு லைப்ரரியைச் சம்பளமில்லாமல் கவனித்து வந்தார்கள். புத்தகம் வைக்கிற லைப்ரரி இல்லை, மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்துகிற பொதுச்சரக்கு. பழைய 32 பிட் கம்ப்யூட்டருக்கும் புதிய 64 பிட்டுக்கும் அதை ஒரே மூச்சில் தயாரித்துக் கொடுக்க ஓர் ஆப்ஷன் வேண்டும், அதற்கொரு பெயரும் வேண்டும். ஸ்ரீதர், லைப்ரரியைச் சுருக்கி, 'லிப்-32' என்றான். "நாளைக்கு வேற ஜாதி சிப் வந்தா, அதையும் முப்பத்திரண்டுன்னு கூப்பிடுவியா?" என்று கேட்டு மேதா வைத்ததுதான் 'எக்ஸ்ட்ரா-ஆர்ச்'. ஆர்ச் என்றால் சிப்பின் ஜாதியாம்.

பெயர் ஒருமுறை வெளியாகிவிட்டால் மாற்ற முடியாதாம், ஊர் உலகமெல்லாம் அதையே தட்டிக்கொண்டிருக்குமாம். அதனால் யோசனை சொன்னவரின் பெயரைக் கீழே ஒரு வரியில் போடுவது அவர்கள் வழக்கம். 'எக்ஸ்ட்ரா-ஆர்ச்' என்று அந்த லினக்ஸ் குழுவுக்கு ஸ்ரீதர் அனுப்பிய மெயிலில் அந்த வரி இல்லை. வியாழக்கிழமை மேதாவுக்கு பெங்களூர் கம்பெனியில் இன்டர்வியூ. அங்கே முதலில் பார்ப்பதே இந்த வரிகளைத்தான்.

"மறந்துட்டேன்மா. ஜல்தி திருத்தி அனுப்பறேன், போறுமா?"

மறதியாம்! சுப்பு வீட்டில் வடை போடுகிற நாளை அவன் ஒருமுறைகூட மறந்ததில்லை.

"பழைய மெயிலெல்லாம் பார்க்க முடியுமோடி?" என்று மேதாவைக் கேட்டேன். குழுவின் மெயில்கள் எல்லோரும் பார்க்கும்படிதான் கிடக்குமாம். என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தேடினாள். இதற்கு முன் அவள் அவனுக்கு வாட்ஸப்பில் எழுதிய மூன்று யோசனைகள், மறுநாளே அவன் பேரில் குழுவுக்குப் போயிருந்தன. மூன்றிலும் அவள் வரி இல்லை.

"ஒரு தடவைன்னா மறதி மாமி. நாலு தடவைன்னா?"

அதற்குள் அவன் திருத்தம் வந்து விழுந்தது. அதிலும் அவள் வரி இல்லை. ஆப்ஷனின் பெயரே மாறியிருந்தது: 'லிப்-32'. அவளுக்கு ஒரு வரி கொடுப்பதைவிடத் தன் மட்டமான பெயரே மேல் என்று தீர்மானித்திருக்கிறான், மகானுபாவன்.

"முதல் பெயர் நன்றாக இருந்ததே, ஏன் மாற்றினாய்?" என்று குழுத் தலைவர் எல்லோரும் பார்க்கும் மெயிலிலேயே கேட்டார். பதில் எழுதியது மேதா, மூன்று பழைய தேதிகளோடு. பால்கனி சாட்சியாக நான் இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. சாயங்காலமே 'எக்ஸ்ட்ரா-ஆர்ச்' திரும்பி வந்தது, கீழே அவள் வரியுடன்.

தை முகூர்த்தம் கலைந்தது. நான்தான் கிளறிவிட்டேனென்று அவள் அம்மா விசாலாக்ஷி பத்து நாள் என்னோடு பேசவில்லை. மேதா வேலை கிடைத்து பெங்களூருக்குப் போனாள். இரண்டு வருடம் கழித்து அங்கேயே ஜெயராம் என்று ஒருவனைக் கட்டிக்கொண்டாள். ஸ்ரீதரோ முகூர்த்தம் கலைந்த மறு வாரமே டில்லியின் இன்னொரு மூலைக்கு, முனிர்காவுக்கு, அறை மாறினான். அந்தச் சித்திரையிலேயே ஒரு பள்ளிக்கூட டீச்சரோடு அவனுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்ததும் பெண்ணின் பெயர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இருந்தது, கொஞ்சம் சின்ன எழுத்தில்.