கொலிமுஸ்

ஸ்டானிஸ்லாஸ் இளவயதில் மூன்று வருடம் பாதிரியார் படிப்புப் படித்துவிட்டு, நமக்குச் சரிப்படாது என்று வீடு திரும்பியவர். இப்போது ஈப்போவில் பள்ளி வேன் ஓட்டுகிறார். படித்ததில் லத்தீன் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. முப்பத்தைந்து வருடமாக அதை யாரும் கேட்டதுமில்லை. அதனால் நவமணி அக்கா தேடி வந்து கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டார்.

பத்து காஜா பக்கம் பழைய ரப்பர் தோட்டத்தில் ஆறு வீடுகள்தான் மிச்சம். அக்காவுடையது அதில் ஒன்று. தோட்ட வாசலில் வெள்ளைக்காரன் கட்டிய கல் வளைவு. அதன் நெற்றியில் COLIMUS என்று ஒரே ஒரு சொல். புதிய சாலைக்காக வளைவை உடைக்கப் போகிறார்களாம்.

"கேஸ் சிலிண்டர் கொண்டு வர்றவனுக்கு அந்த வளைவுதான் அட்ரஸ்லா. உடைச்சிட்டா எங்களை யாரு கண்டுபிடிப்பா? அதுல என்ன எழுதியிருக்குன்னு சொன்னா, நில ஆபீஸ்ல எந்தப் பிரிவுன்னு பார்த்து முடிவு பண்றாங்களாம்."

இருவரும் அலுவலகத்துக்குப் போனார்கள். முகப்பில் தினேஸ்வரி என்ற பெண் விண்ணப்பப் பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"என்ன அர்த்தம் அங்கிள்?"

"உழுகிறோம்."

"அப்ப விவசாயம். மூணாம் கவுண்டர்."

"குடியிருக்கிறோம்னும் அர்த்தம் இருக்கு. வழிபடுகிறோம்னும் இருக்கு."

தினேஸ்வரி கண்ணாடியைக் கழற்றினாள். "பாரத்துல ஒரு கட்டம்தான் இருக்கு அங்கிள்."

ஒன்றைச் சொல்லி மற்ற இரண்டை மறைக்க ஸ்டானிஸ்லாஸுக்கு மனம் வரவில்லை. மூன்றாம் கவுண்டரில், வளைவில் பயிர் ஏது என்று குடியிருப்புக்கான ஏழுக்கு அனுப்பினார்கள். ஏழில், வளைவுக்குள் குடியிருப்பது யார் என்று வழிபாட்டுத் தலங்களுக்கான ஒன்பதுக்கு. ஒன்பதில், சிலையும் இல்லை சிலுவையும் இல்லை என்று மறுபடி மூன்றுக்கு. இரண்டாம் சுற்றில் அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவர் தினேஸ்வரியிடமே திரும்பி வந்தார். "கேளும்மா. இதோட வேர் சுத்தறதுதான். நம்ம சக்கரமும் அதே வேர்ல முளைச்சது. ஒரு இடத்தையே சுத்திச் சுத்தி வந்தவன் அங்கயே குடியிருந்தான். குடியிருந்தவன் மண்ணைப் பேணினான். அப்படியே சாமியையும் பேணினான்."

"முதல் அர்த்தம் சுத்தறதா?"

"ஆமா."

அவள் தட்டச்சு செய்து முத்திரை குத்திக் கொடுத்தாள். தாளில் மலாயில் 'பூலாத்தான்' என்று இருந்தது: வண்டிகள் சுற்றிப்போகும் சாலை வட்டம்.

ஏற்கெனவே பதிவான வட்டத்தை உடைக்கச் சட்டத்தில் இடமில்லையாம். ஆறு மாதத்தில் வளைவை நடுவில் விட்டு, சுற்றிலும் தார் போட்டுவிட்டார்கள்.

அக்கா சாப்பிடக் கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் ஸ்டானிஸ்லாஸ் வேனோடு நான்கு முறை சுற்றினார். ஓரத்தில் நின்ற இரண்டு பெண்கள் அதைப் பார்த்தார்கள். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டு வேனுக்குப் பின்னால் அவர்களும் சுற்ற ஆரம்பித்தார்கள். அவருக்கு நிறுத்தவும் பயமாக இருந்தது. வீட்டு வாசலில் நின்ற நவமணி அக்கா, சோறு ஆறுகிறது என்று கையசைத்துக்கொண்டேயிருந்தாள்.