காயாத ஜாக்கெட்

மருமகள் மழையில் நனைந்து வாசலில் வந்து நின்றதுமே கால்மிதி குளமாகிவிட்டது. தலைக்கவசத்திலிருந்து, ஜாக்கெட் விளிம்பிலிருந்து, கையுறையின் ஒவ்வொரு விரல் நுனியிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தபோது ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது. மாமனார் துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் அவள் எல்லாவற்றையும் வாசலிலேயே உரித்துப் போட்டுவிட்டாள்.

"கொஞ்ச நேரம் தூங்கறேன் மாமா. இதெல்லாம் கிடக்கட்டும். எந்திரிச்சு நான் பார்த்துக்கறேன்."

அவ்வளவுதான். குளித்தாள், அறைக்குள் போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாமனாரைத் தெருவில் எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்தை விட்டு ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விட்டு இறங்கவில்லை. மனைவி பெரிய மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். மகனுக்குக் கப்பலில் வேலை. வீட்டில் அவரும், மாட்டு டாக்டரான மருமகளும் மட்டும்தான்.

போன மாதம் இருவருக்கும் ஒரு பேச்சு நடந்திருந்தது. ஊருக்கு வெளியே பண்ணைகளுக்கு அவள் மோட்டார் சைக்கிளில் போவது அவருக்கு அடியோடு பிடிக்கவில்லை. "பைக்ல போறவங்க எப்படி எப்படியெல்லாம் விழுவாங்கன்னு படிக்கட்டுல நின்னு பார்த்தவன்மா நான்" என்றார். "அந்தச் சந்துல எல்லாம் காரு நுழையாது மாமா" என்றாள் அவள். பேச்சு வளர்ந்து, கடைசியில், "நான் ஒரு தடவை விழுந்தேன்னு தெரிஞ்சா சொல்லுங்க, அன்னைக்கே வித்துடறேன்" என்று முடித்துவிட்டாள். அதன் பிறகு இருவரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. காபி வேணுமா, குழாய் சரியா மூடலை என்று அளந்து பேசிக்கொண்டார்கள்.

கிடக்கட்டும் என்றாள் என்பதற்காக அப்படியே விட அவருக்கு மனசு வரவில்லை. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். ஜாக்கெட்டைத் தூக்கும்போது கை இறங்கியது. தண்ணீரோடு சேர்ந்து ஒரு குழந்தையின் கனம் இருந்தது. கழுத்துப் பட்டையில் தைத்திருந்த துண்டுச் சீட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டிப் படத்துக்கு மேல் ஒரு பெருக்கல் குறி. சதுரத்துக்குள் வட்டம் போட்டு அதற்கும் ஒரு பெருக்கல் குறி. என்னவோ செய்யக்கூடாது என்பது வரை விளங்கியது.

கையுறைகளை அடுப்பு மேடையில், சூடு ஆறாத அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தோல் கருகுகிற வாசனை லேசாக வந்ததும் பதறி எடுத்துவிட்டார். பிறகு இரண்டு காலி பாட்டில்களை நிறுத்தி அவற்றின் கழுத்தில் மாட்டிவிட்டார். அவை விரல்களை விரித்துக்கொண்டு யாரையோ நிறுத்துகிற மாதிரி நின்றன. பூட்ஸுக்குள்ளிருந்த அட்டைகளை உருவி எடுத்துவிட்டுப் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்தார். அது நனைந்ததும் வேறு தாள், அதுவும் நனைந்ததும் இன்னொன்று. தலைக்கவசத்தின் உள்மெத்தையைப் பிரித்து மின்விசிறிக்கு நேராக வைத்தார்.

ஜாக்கெட்டின் தோளிலும் முழங்கையிலும் முதுகிலும், விழுந்தால் அடிபடாமல் இருக்க, கெட்டியான காப்புத் தட்டுகளைச் செருகி வைத்திருந்தார்கள். அவை உள்ளே இருந்தால் துணி காயாது என்று ஒவ்வொன்றாக உருவினார். வலது முழங்கைத் தட்டு இரண்டாகப் பிளந்து வந்தது.

ஜாக்கெட்டின் வெளிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கையில் துணி சிராய்த்து நூல் நூலாகக் கிளம்பியிருந்தது. உள்ளே ஜிப் வைத்துப் பிணைத்த மெல்லிய உள்ஜாக்கெட் ஒன்று இருந்தது. அதைக் கழற்றினால், முதுகிலிருந்து இடுப்பு வரைக்கும் கறை. தண்ணீர் பட்டு வெளுத்திருந்தாலும் அது ரத்தம்தான் என்பதில் சந்தேகமே இல்லை.

விழுந்திருக்கிறாள். விழுந்துவிட்டு, பைக்கை விற்கச் சொல்வேனே என்று வாயைத் திறக்காமல் போய்ப் படுத்திருக்கிறாள். ஜெயித்துவிட்டோம் என்கிற நினைப்பு ஒரு நொடி கூட அவருக்கு வரவில்லை.

கீழே இறங்கிப் போய் மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடி உடையவில்லை, கைப்பிடி கோணவில்லை, ஒரு கீறல் இல்லை. அப்படியானால் நின்றுகொண்டிருந்தவளை யாரோ வண்டியால் இடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இது அதைவிட மோசம். மேலே ஓடி வந்து அறைக் கதவில் காதை வைத்தார். குறட்டைச் சத்தம் கேட்டது. தலையில் அடிபட்டவர்களும் குறட்டை விடுவார்கள் என்று எப்போதோ யாரோ சொன்னது அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தது. மாமனார் போய் எங்கே அடி, காட்டு என்று கேட்கவும் முடியாது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவிக்குப் போன் போட்டார்.

அவள் முழுவதையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள். "எழுப்பி ஒரு டம்ளர் பால் குடுங்க. வலது கையால வாங்கறாளான்னு பாருங்க. வேற எதையும் கேட்டு வைக்காதீங்க. கேட்கறதுக்கு முன்னாடி நீங்களே அழுதுடுவீங்க."

பாலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். மருமகள் தலை கலைந்து, கண்ணைத் திறக்க முடியாமல் வந்து நின்றாள். டம்ளரை நீட்டினார். அவள் இடது கையை நீட்டி வாங்கினாள். வலது கை தொங்கியது தொங்கியபடியே இருந்தது.

"விழுந்தியாம்மா?" என்றார். குரல் உடைந்துவிட்டது.

"எங்கே விழுந்தேன் மாமா?"

"பைக்கை விக்கச் சொல்லலைம்மா. அந்தப் பேச்சே இல்ல. அடி எங்கன்னு மட்டும் சொல்லு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

அவள் அவரைத் தாண்டிக் கூடத்தைப் பார்த்தாள். நாற்காலிகளின் மேல் கையை விரித்துக் கிடந்த ஜாக்கெட், விரல் விரித்து நின்ற கையுறைகள், சாப்பாட்டு மேசையில் வரிசையாகக் காப்புத் தட்டுகள், அவற்றில் இரண்டாய்ப் பிளந்த ஒன்று. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"ஐயோ, ரத்தத்தைப் பார்த்துட்டீங்களா? அது என்னோடது இல்ல மாமா. உக்காருங்க முதல்ல."

அவர் உட்காரவில்லை. "அப்ப கை?"

"விடியறதுக்கு முன்னாடியே பண்ணையில இருந்து கூப்பிட்டாங்க. கன்னு வயித்துக்குள்ள குறுக்கே திரும்பிக் கிடந்துச்சு. தோள் வரைக்கும் கையை விட்டுத் திருப்பித் திருப்பி, வெளிய எடுக்கறதுக்குள்ள கை என்னோடதே இல்லைன்னு ஆயிடுச்சு. எப்படியோ வண்டியை ஓட்டிட்டு வந்து சேர்ந்துட்டேன், படுத்து எந்திரிச்சதும் மரத்துப் போச்சு, இப்ப ஒரு பேனா குடுத்தாக்கூடப் பிடிக்க முடியாது. நாளைக்குச் சரியாயிடும்."

"ஜாக்கெட்?"

"கொட்டகையில பாதிக்குக் கூரை இல்ல. கன்னு வெடவெடன்னு நடுங்குது. இருந்த சாக்கெல்லாம் நனைஞ்சு கிடக்கு. கழட்டி வச்சிருந்த ஜாக்கெட்டை எடுத்து அது மேல போர்த்திவிட்டேன். கன்னு மேல இருந்த ரத்தம்தான் உள்ள ஒட்டியிருக்கு. தாய்க்கு அது பிடிக்கல. கன்னை நக்க விடாம இது என்னடா நடுவுலன்னு இழுத்துக் கீழ தள்ளிட்டு, முழங்கை மேலயே ஏறி நின்னுடுச்சு."

"யாரு முழங்கை மேல?"

"ஜாக்கெட்டோட முழங்கை மாமா. நான் அந்தப் பக்கம் கை கழுவிட்டு இருந்தேன்."

கண்டக்டர் அப்போதுதான் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் ஈரப் பூட்ஸ் இருந்தது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. போன உயிர் திரும்பி வந்த மாதிரி ஒரு நீளமான மூச்சு விட்டார். பிறகு சிரிப்பு வந்தது. முதலில் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மருமகளும் பாலைச் சிந்தாமல் சிரிக்கப் பார்த்துத் தோற்றாள்.

"முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லத் தெம்பு இல்ல மாமா. அதுவும் இல்லாம, உடைஞ்சதைப் பார்த்தா நீங்க நம்பவா போறீங்கன்னு..." என்று இழுத்தாள்.

"நம்பாம என்ன. பைக்கைக் கூடப் போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன்" என்றவர், சற்றுப் பொறுத்து, "கன்னு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"எந்திரிச்சு நின்னு பால் குடிச்ச பிறகுதான் கிளம்பினேன்."

மனைவிக்குப் போன் போட்டு விவரம் சொன்னார். "மிதிச்சது மாடாம்" என்றார். மனைவி, "அந்த உள்ஜாக்கெட்டைப் பச்சைத் தண்ணியில அலசுங்க. வெந்நீர்ல போட்டா கறை பிடிச்சுக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

மருமகள் மேசையருகே உட்கார்ந்து, அவர் வைத்துக் கொடுத்த சூப்பை இடது கையால் குடிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அவர் பூட்ஸில் தாளை மாற்றினார். உடைந்த தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது தனியாக் கடையில கிடைக்குமா? கிடைச்சா ரெண்டு வாங்கி வச்சுக்கலாம்" என்றார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கிடைக்கும் என்று தலையாட்டினாள்.

மேசையில் இருந்த அவளுடைய போன் அடித்தது. அவள் கை முழுக்க சூப்பு. எடுங்க மாமா என்று கண்ணைக் காட்டினாள். வேறொரு பண்ணைக்காரர். கன்றுகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும், இன்றைக்கே வர முடியுமா என்று கேட்டார்.

"உடம்புக்கு முடியாம ஏதாவது படுத்திருக்கா?" என்று விசாரித்தார் கண்டக்டர்.

"இல்லைங்க, எல்லாம் துள்ளிக்கிட்டுத்தான் திரியுது."

"அப்ப நாளை மறுநாள் வருவாங்க. டாக்டரோட ஜாக்கெட் இன்னும் காயலை" என்று சொல்லி வைத்துவிட்டு, மின்விசிறியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் தள்ளி வைத்தார்.