பதினான்காம் பக்கத்து வரி

பதினான்காம் பக்கத்தின் மூன்றாவது வரியில் கண்ணபிரானின் பென்சில் நின்றுவிட்டது. ‘ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.’ மனைவி பிரித்திகாவின் வரி.

அவள் இறந்து ஏழு மாதம். முடிவிலிகளிலும் சிறிது பெரிது உண்டு. அவற்றில் மிகமிகப் பெரியதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு வகை இருக்கவே முடியாது என்று நிரூபித்திருந்தாள். முடிவில்லாத ஜோடிகள் கிடந்தாலும் ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தேர்ந்துவிடலாம் என்ற அனுமானத்தைத் தொடவே மாட்டேன் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தாள். கட்டுரையின் புதுமையே அதுதான். கல்லூரியில் கணக்கு நடத்தும் இவன் சரியென்றால், இன்று மாலை அவளுடைய பேராசிரியர் அதை இதழுக்கு அனுப்பிவிடுவார்.

தாள்களோடு மாமனாரின் தீப்பெட்டி ஆலைக்கு வந்திருந்தான். வீட்டில் உட்கார முடியவில்லை. எதிரே இசக்கிசெல்வி மருந்து தோய்க்காத குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எந்த முனைய மருந்துல முக்கணும்னு எப்படித் தெரியும்?”

“ரெண்டும் ஒன்னுதான சார். கை எப்படிப் போடுதோ அப்படி.”

“முடிவே இல்லாம குச்சி வந்துக்கிட்டே இருந்தா?”

“கூலிய ஏத்தச் சொல்லுவேன்.”

“கையே இல்லன்னா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப குச்சி வெள்ளையாத்தான் கெடக்கும்.”

செருப்பு ஜோடியென்றால் இடது கால் என்று ஒரே விதியில் சொல்லிவிடலாம். குச்சி முனைகளுக்கு விதி கிடையாது, கை வேண்டும். பிரித்திகாவின் ஜோடிகளிலும் இடம் வலம் இல்லை. தொட மாட்டேன் என்ற கையைப் பதினான்காம் பக்கத்தில் சத்தமில்லாமல் நீட்டியிருக்கிறாள்.

மாமனார் கண்ணுசாமி வந்து நின்றார். “அனுப்பிரலாமா மாப்ள?”

“ஒரு எடத்துல சொல்லாம எடுத்துக்கிட்டா மாமா.”

“சின்னப் பிள்ளையிலயும் அப்படித்தான். கேக்கவே மாட்டா.” தாள்களைப் பார்த்தார். “அப்ப அவ இல்லன்னு சொன்னது?”

“அந்தக் கையில்லாம இல்லன்னு சொல்ல முடியாது. இருக்குன்னும் சொல்ல முடியாது.”

“ஒம்ம மனசுக்கு?”

கண்ணபிரான் பென்சிலை எடுத்தான். அந்த வரியின் ஓரத்தில் ‘யார் எடுப்பது?’ என்று எழுதினான். அவள் இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள். ஏழு மாதத்தில் முதல்முறையாக, அவள் என்ன சொல்வாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

இசக்கிசெல்வியின் குவியலிலிருந்து ஒரு குச்சியை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினான். முதலில் எந்த முனையைப் பிடித்தோம் என்று தேடினான். சன்னலுக்கு வெளியே உழுது போட்ட கரிசல். குச்சியின் இரு முனைகளும் ஒரே வெள்ளையாக இருந்தன.